கேட்டால்தான் பேசும் கற்கள்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்கள் வழிகாட்டி வைத்து ஊர் பார்ப்பதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போவோம். போகிற வழியில் கோட்டை வாசலைக் கடப்போம். மான்கள் மேய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். திரும்பி வரும்போது கடற்கரையில் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். நாளாந்தம் கடந்து போகிற கல்லை நின்று பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது? வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்தான் காசு கொடுத்து ஒருவரை அமர்த்தி, நாம் மிதித்துச் செல்லும் படிக்கட்டுகளைக் குனிந்து பார்க்கிறார்கள்.

கனடாவிலிருந்து வந்த என் அக்காவின் மகளால்தான் எனக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்தது. "சின்னம்மா, அம்மா பிறந்த ஊரை எனக்கு ஒழுங்காய்க் காட்டுங்கோ" என்று அவள் கேட்டாள். எங்கள் பழைய வீட்டையும் சந்தையையும் கோயில்களையும் என்னால் காட்ட முடியும். ஆனால் கோட்டையை யார் கட்டினார்கள், எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோவையாகச் சொல்ல முடியாது. ஆகவே அனுமதிப்பத்திரம் பெற்ற வழிகாட்டி ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்தினோம். அறுபது வயதைத் தாண்டியவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சரளமாகப் பேசக்கூடியவர். அன்று நாங்கள் கண்டதையும் கேட்டதையும் வாசகிகளோடு பகிர்ந்துகொள்வது பயனுள்ளது என நினைக்கிறேன்.

கோட்டை வாசலில் ஒரு மீன் சோடி

காலை ஏழு மணிக்கே ஓட்டோவில் பிரெடரிக் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டோம். "பிள்ளை, உள்ளுக்குப் போக முதல் இந்த வாசலை வடிவாய்ப் பாருங்கோ" என்று வழிகாட்டி எங்களை நிறுத்தினார். வாசலின் மேலே பிரித்தானிய அரச இலச்சினை இருக்கிறது. அதற்குக் கீழே, வாசற் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட கல் ஒன்றில் இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரட்டைக் கயல் பாண்டியரின் சின்னம். வெள்ளைக்காரன் கோட்டைச் சுவருக்குள் பாண்டியரின் மீன் எப்படி வந்தது?

விடை சுருக்கமானது, ஆனால் வேதனையானது. சுவாமி மலை உச்சியில் இருந்த கோணேஸ்வரம் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம். சோழரும் பாண்டியரும் போற்றிய கோயில். 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அந்தக் கோயிலை இடித்தான். இடித்த கற்களைக் கொண்டே இந்த இடத்தில் கோட்டை கட்டப்பட்டது. மீன் பொறித்த கல்லும் அப்படி வந்து சேர்ந்ததுதான்.

அதற்கும் முந்திய பழமை இந்த இடத்துக்கு உண்டு. கோகண்ண என்ற பெயரில் மகாவம்சம் இந்தத் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. மகாசேன மன்னன் இங்கிருந்த தேவாலயத்தை அழித்து விகாரை கட்டினான் என்ற செய்தியும் அதில் வருகிறது. கோட்டைக்குள் இன்று கோகண்ண விகாரை என்ற பௌத்த விகாரையும் இருக்கிறது. இரண்டையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். "ஒரு ஆக்களுக்கு ஒன்றைச் சொல்லி, மற்ற ஆக்களுக்கு மற்றதைச் சொல்லுற வழிகாட்டியளும் இருக்கினம். நான் எல்லாருக்கும் இரண்டையும் சொல்லுவன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஒரே ஆண்டில் மூன்று கொடிகள்

போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். அப்போது அவர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்தவன் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன். பின்னர் ஒல்லாந்தர் கோட்டையைத் தமக்கேற்றவாறு திருத்திக் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பின் 1782ஆம் ஆண்டு வருகிறது. அந்த ஓர் ஆண்டுக்குள் இந்தக் கோட்டையில் மூன்று கொடிகள் பறந்தன. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். சமாதானம் ஏற்பட்ட பிறகு அது மீண்டும் ஒல்லாந்தரிடம் போய், 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1803இல் தங்கள் மன்னரின் மகனான யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

எதற்காக இத்தனை பேர் இந்தச் சிறிய முனைக்காக அடிபட்டார்கள் என்று மகள் கேட்டாள். வழிகாட்டி கையை நீட்டித் துறைமுகப் பக்கம் காட்டினார். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் இது ஒன்று. ஆழமானது, மலைகளாலும் முனைகளாலும் சூழப்பட்டது. பாய்க்கப்பல் காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் கப்பல்களுக்குப் பாதுகாப்பாக ஒதுங்க இடமில்லை. திருகோணமலை யாரிடம் இருந்ததோ, வங்காள விரிகுடாவில் அவர்கள் கை ஓங்கியிருந்தது.

கோட்டைக்குள் வெலிங்டன் பிரபு தங்கிய வீடு என்று ஒரு கட்டிடத்தைக் காட்டுகிறார்கள். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆதர் வெல்லஸ்லிதான் அவர். 1801இன் தொடக்கத்தில் அவர் திருகோணமலையில் இருந்தது உண்மை. இங்கே காய்ச்சலில் விழுந்ததால் அவர் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் மூழ்கிப்போனது, எங்கள் ஊர்க் காய்ச்சல்தான் அவரைக் காப்பாற்றியது என்று ஒரு கதை உண்டு. கப்பல் மூழ்கியதும் அவர் அதில் போகாமல் தப்பியதும் சரிதான். ஆனால் அவர் நோயுற்றது பம்பாயில் என்பதே வரலாற்று நூல்களில் உள்ள செய்தி. "கதை நல்லாய்த்தான் இருக்கு, ஆனா நோய் எங்கட ஊரில் வரேல்லை" என்று வழிகாட்டி சிரித்தார்.

பாயாத பிரான்சினா

கோட்டைக்குள்ளே ஏறிச் சென்றால் சுவாமி மலை. கோயிலுக்கு அருகே கடலை நோக்கிய செங்குத்தான பாறையில் ஒரு கல்தூண் நிற்கிறது. பழைய கோயிலின் தூண்களில் ஒன்றுதான் அது. அதில் ஒல்லாந்த மொழியில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இதைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண், தன்னை மணப்பதாகச் சொன்ன அதிகாரி கைவிட்டுக் கப்பலேறிப் போவதைக் கண்டு, இந்தப் பாறையிலிருந்து கடலில் பாய்ந்து உயிரை விட்டாள் என்பது அந்தக் கதை. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்குக் காதலர் பாய்ச்சல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாங்களும் பள்ளிக்கூடக் காலத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறோம்.

வழிகாட்டியும் முதலில் இந்தக் கதையைத்தான் சொன்னார். மகள் விடவில்லை. "அந்தக் கல்லில் அப்படியே எழுதியிருக்கு, ஐயா?" என்று கேட்டாள். அவர் சற்று நின்று, "இல்லைப் பிள்ளை. கல்லில் இருக்கிறது வேற, கதையில் இருக்கிறது வேற" என்றார்.

கல்லில் இருப்பது இவ்வளவுதான்: பிரான்சினா வான் ரீடின் நினைவாக இது எழுப்பப்பட்டது என்ற செய்தியும், 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும். காதலும் இல்லை, கப்பலும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. இந்தப் பெண் ஹென்ட்ரிக் அட்ரியான் வான் ரீட் என்ற ஒல்லாந்தக் கம்பனி உயர் அதிகாரியின் வளர்ப்பு மகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் சாதாரண ஆள் அல்ல. மலையாளக் கரையின் மூலிகைகளை உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டறிந்து, பன்னிரண்டு தொகுதிகளில் 742 தாவரங்களைப் பற்றிய ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற பெருநூலை வெளிக்கொண்டுவந்தவர். 1691இல் சூரத்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்தார். அப்போது பிரான்சினா உயிரோடு இருந்தாள். பின்னர் ஒல்லாந்துக்குத் திரும்பிப் போய்த் திருமணமும் செய்துகொண்டாள்.

சகோதரிகளே, இதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கடல் கடந்து பயணம் செய்து, தந்தையை இழந்து, மீண்டும் தன் வாழ்வை அமைத்துக்கொண்ட ஒரு பெண்ணை, ஓர் ஆணுக்காகச் செத்தவளாக முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அவள் வாழ்ந்தாள் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சுவை குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள் போலும். "ஆக்கள் கதையைத்தான் விரும்புகினம்" என்று வழிகாட்டி சொன்னது உண்மைதான். ஆனால் என் மகளுக்கு உண்மைதான் பிடித்திருந்தது. "அப்ப அவ தப்பியிட்டா, சின்னம்மா!" என்று தன் தோழி ஒருத்தி ஆபத்திலிருந்து மீண்டதுபோல் சொன்னாள்.

மண்ணுக்கும் கடலுக்கும் அடியில்

கோணேஸ்வரம் மீண்டெழுந்த வரலாறும் கேட்கத்தக்கது. கோயில் இடிபட்டபோது பக்தர்கள் சில விக்கிரகங்களை மண்ணில் புதைத்து மறைத்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவை எங்கே என்று யாருக்கும் தெரியாது. 1950இல் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், அம்பாள், பிள்ளையார் உள்ளிட்ட வெண்கல விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956இல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய கற்களும் தூண்களும் அங்கே கிடப்பதைக் கண்டார்கள். கிளார்க் இதைப் பற்றி அடுத்த ஆண்டே ஒரு நூல் எழுதினார். மக்களின் உழைப்பால் எழுந்த புதிய கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது. கோயிலைக் கும்பிட்டுவிட்டு, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்த்தபோது, கீழே கிடக்கும் கற்களை எண்ணி மனம் கனத்தது.

பேசாமல் கடந்த இடம்

மலையிலிருந்து இறங்கி டச்பே கடற்கரைக்கு வந்தோம். ஒல்லாந்தர் பெயரைத் தாங்கிய குடா. வழிகாட்டி இந்த இடத்தில் அதிகம் பேசவில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். மகள் காந்தி சிலையைக் காட்டி, "இங்க என்ன நடந்தது?" என்று கேட்டாள். இணையத்தில் ஏதோ படித்திருக்கிறாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இந்தக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சந்தேகத்தின் பேரில் கைதாகியிருந்த 13 பாதுகாப்புத் தரப்பினரை, போதிய சாட்சியம் இல்லை என்று 2019இல் நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் இன்னும் நீதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வழிகாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இந்த ஊரிலேயே வாழ வேண்டும். எல்லா இனத்தவரையும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நானூறு ஆண்டுக்கு முந்திய காயத்தைப் பற்றிப் பேசலாம், இருபது ஆண்டுக்கு முந்திய காயத்தைத் தொட்டால் இன்னும் இரத்தம் வரும். ஆனால் ஒன்று எனக்கு விளங்கியது. ஓர் ஊரின் வரலாற்றில் கல்லில் வெட்டப்பட்டவை மட்டுமல்ல, வாய்க்குள் அடக்கப்பட்டவையும் ஓர் அடுக்குத்தான். வீட்டாராகிய நாமே அதைச் சொல்லாவிட்டால், அடுத்த தலைமுறை அதைத் தெரியாமலேயே இந்த மணலில் கச்சான் சாப்பிட்டுவிட்டுப் போகும்.

துறைமுகத்தைச் சுற்றி

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்படையின் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடம் ஒன்றைத் திருத்தி அமைத்திருக்கிறார்கள். வெயிலுக்கு ஒதுங்கவும் நல்ல இடம். பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படை அதிகாரியின் கல்லறை உண்டு. 1852இல் பர்மாவில் நோயுற்று இறந்தவர். புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய தம்பி. ஜேன் எழுதிய நாவல்களைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அவருடைய தம்பி எங்கள் ஊர் மண்ணில் உறங்குவது தெரியும்? பேர்சி மோல்ஸ்வேர்த் என்ற இராணுவப் பொறியியலாளரும் இந்த ஊரில் வாழ்ந்து 1908இல் இங்கேயே இறந்தவர். ஓய்வு நேரத்தில் தொலைநோக்கியால் வியாழனை ஆராய்ந்த வானியல் ஆர்வலர். செவ்வாய்க் கிரகத்தில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

உட்துறைமுகக் கரையில் நின்று பார்த்தால் எதிர்ப்புறம் சீனன்குடா. அங்கே காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது வந்து மோதியது. தீ ஏழு நாட்கள் எரிந்தது என்பார்கள். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது. நிலாவெளி வீதியில் உள்ள போர்வீரர் மயானத்தில் அந்தப் போர்க்கால இளைஞர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் வயதைப் பாருங்கள். எந்த நாட்டுத் தாயாக இருந்தாலென்ன, பெற்ற வயிறு ஒன்றுதானே!

கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடு மகிழ்ந்தது. ஆனால் டொக்யார்ட் வேலையை நம்பியிருந்த பல குடும்பங்களின் அடுப்பு அந்தக் காலத்தில் அணைந்தது. அதைச் சொல்லும் கல் எங்கும் இல்லை.

கல் இல்லாத பெண்கள்

நாள் முழுவதும் கேட்ட பெயர்களை இரவில் மகள் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். தளபதிகள், மன்னர்கள், அதிகாரிகள். பெண் பெயர் என்று இருந்தது பிரான்சினா ஒருத்திதான். அதுவும் பொய்க் கதையோடு.

ஆனால் இந்த ஊரில் பெண்களின் வரலாறு இல்லாமலில்லை. சிறீ சண்முக இந்து மகளிர் கல்லூரி இருக்கிறதே, அதை 1923இல் தொடங்கியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற பெண்மணி. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. நூறு ஆண்டைக் கடந்துவிட்ட அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை ஆசிரியைகள், எத்தனை வைத்தியர்கள் வந்திருக்கிறார்கள்! கோட்டை கட்டியவர்களைவிட அவர் கட்டியது அதிக நாள் நிலைக்கும் என்று நான் நம்புகிறேன். ஊர் பார்க்க வருபவர்களை அந்த வாசலுக்கும் கூட்டிச் செல்ல வேண்டும். அங்கே நின்று இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்ல நம் பெண்களே முன்வர வேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய, பிரதேச, தள வழிகாட்டிகள் என்று பயிற்சி கொடுத்து அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. இந்தத் தொழிலில் பெண்கள் மிகக் குறைவு. ஊரை அறிந்த, இரண்டு மொழி பேசக்கூடிய இளம் பெண்களுக்கு, அதுவும் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களுக்கு, இது கௌரவமான வருமானம். பெண் பயணிகளும் பெண் வழிகாட்டியையே விரும்புவார்கள். மாதர் சங்கங்கள் தங்கள் பகுதியில் பயிற்சி நடக்கும்போது விசாரித்துப் பிள்ளைகளை அனுப்பலாம்.

வழிகாட்டி அமர்த்துபவர்களுக்குச் சில யோசனைகள்

அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கட்டணத்தையும், ஓட்டோச் செலவு அதில் அடங்குமா என்பதையும் புறப்படுமுன் பேசி முடியுங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால், படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்கு ஏற்ற உடை, தண்ணீர்ப் போத்தல், வெயிலுக்குக் குடை அவசியம். காலையில் மலை, வெயிலில் அருங்காட்சியகம், பின்னேரம் கடற்கரை என்று பிரித்துக்கொண்டால் வயதானவர்களுக்கும் களைப்பு வராது. இன்னொரு நாள் கிடைத்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும், அதற்கப்பால் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்ட வெல்கம் விகாரையையும் பாருங்கள். இராஜராஜப் பெரும்பள்ளி என்று தமிழில் பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது. சமயத்தையும் மொழியையும் இன்று நாம் பிரித்துப் பார்ப்பதுபோல் அன்று பார்க்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேளுங்கள். இது கல்லில் இருக்கிறதா, ஏட்டில் இருக்கிறதா, வாய்க்கதையா என்று கேளுங்கள். வாய்க்கதை என்றால் குறைவில்லை. ஆனால் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அம்மம்மா இருந்தால், யப்பான்காரன் குண்டு போட்ட நாளைப் பற்றி அவருடைய தாய் என்ன சொன்னார், ஊரைவிட்டு ஓடியபோது எதை எடுத்துச் சென்றார்கள், திரும்பி வந்தபோது எது மிஞ்சியிருந்தது என்று கேட்டு, திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கோட்டை கட்டியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் பெண்களின் பெயரை நாங்கள்தான் எழுத வேண்டும்.